கேத்திக் குளிரில் நாலு பாட்டில் பில்ஸ்

போன ஜனவரியில் என் மனைவியின் தம்பி ஊருக்கு வந்தான். ஜெர்மனியில் டோர்ட்முண்டில் வேலை, ஒன்பது வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறான். வழக்கமாகப் பெட்டியைத் திறந்தால் சாக்லேட் வரும், அம்மாவுக்கு மூட்டுவலி களிம்பு வரும், எனக்கு ஒரு டீ ஷர்ட் வரும், அதுவும் ஒரு சைஸ் சின்னதாகத்தான் வரும். இந்த முறை ரெண்டு ஜெர்கினைச் சுருட்டி வைத்திருந்தான். பிரித்தால் உள்ளே நாலு பாட்டில் பில்ஸ், ஜெர்மன் பீர். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவது மாதிரி ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், பர்லியார், குன்னூர் என்று அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் மடியில் வைத்தே கொண்டு வந்திருக்கிறான்.

"ஆளுக்கு ரெண்டு லிட்டர்தான் மாமா கஸ்டம்ஸ்ல விடுவாங்க. அரை லிட்டர் பாட்டில் நாலு, கணக்கு சரியாப் போச்சு" என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பீர்தானே. இதற்குப் போய் அந்தப் பயல் நாலு கிலோ லக்கேஜைச் செலவழித்திருக்கிறானே என்றுதான் நினைத்தேன்.

நீலகிரியில் பிறந்து வளர்ந்தவனுக்கும் பீருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே குடிக்கிறவர் பிராந்தி குடிப்பார், இல்லை ரம். குளிருக்கு அதுதான் என்பது ஊர் வழக்கம். ஊட்டி டாஸ்மாக்கில் பீர் வாங்க நிற்பவன் பெரும்பாலும் கீழேயிருந்து வந்த டூரிஸ்ட். வெளியே எட்டு டிகிரி, வாயைத் திறந்தால் புகை வருகிறது, அந்த நேரத்திலும் கவுண்ட்டரில் கையை விட்டுக்கொண்டு "அண்ணா, கூலிங் இருக்கா?" என்று கேட்பான். பார்த்தாலே சிரிப்பு வரும். நானும் கல்லூரி நாட்களில் கோயம்புத்தூரில் குடித்ததுதான், மே மாத வெயிலில், பல் கூசுகிற குளிர்ச்சியில், ரெண்டு மடக்கில் பாதி பாட்டில் காலி. அதில் ருசி என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. ஸ்ட்ராங்கா லைட்டா என்ற ஒரே கேள்விதான். எட்டு சதவீதம் என்றால் நல்ல பீர், ஐந்து என்றால் காசுக்குப் பிடித்த கேடு.

அதனால் முதல் பாட்டிலை நான்தான் கெடுத்தேன். வந்த அன்றைக்கே ஃப்ரீசரில் போட்டேன். மாப்பிள்ளை குளித்துவிட்டு வருவதற்குள் மிளகாய் பஜ்ஜியும் தயார், மசால் கடலையும் தயார். ரெண்டு எவர்சில்வர் டம்ளரில் கடகடவென்று ஊற்றினேன். நுரை பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. ஒரு மடக்கு குடித்தேன், குளிரில் நாக்கு மரத்துப்போனது, வாசமும் இல்லை ஒன்றும் இல்லை. பஜ்ஜியைக் கடித்துவிட்டு அடுத்த மடக்கு. வாய்க்குள் தீப்பிடித்தது. மிளகாய்க் காரத்தின் மேல் கசப்பும் கேஸும் சேர்ந்தால் காரம் அடங்காது, இன்னும் ஏறும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "என்னடா மாப்ள இது, வேப்பங்கொழுந்தை ஊறப்போட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிச்சம் மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டான். "நாளைக்கு நான் ஊத்தறேன் மாமா."

மறுநாள் ராத்திரி ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒரு பாட்டிலை நிறுத்தி, பின்கட்டுப் படியில் வைத்து, மேலே தட்டைப் போட்டு, தட்டின் மேல் அம்மிக் குழவியை வைத்தான். குழவி கரடிக்காக. எங்கள் பக்கம் கரடி சமையல்கட்டுக்குள் புகுந்து எண்ணெய் டின்னைக் கவிழ்க்கும் ஊர், பீரை மட்டும் விட்டுவைக்குமா என்ன. ஜனவரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் காலையில் புல்மேல் உப்புத் தூவினாற்போல உறைபனி கிடக்கும், கேரட் தோட்டக்காரர்கள் பயந்துகொண்டே எழுந்து பார்ப்பார்கள். ரெண்டு ரெண்டரை மணி நேரத்தில் பாட்டில் போதுமான அளவு குளிர்ந்துவிட்டது. "ஆறு டிகிரியிலிருந்து எட்டு டிகிரி, அவ்வளவுதான் வேணும். அதுக்குக் கீழ போனா வாசமே செத்துப்போயிடும்" என்றான். அவன் குடியிருக்கும் ஃபிளாட்டிலும் குளிர்காலத்தில் பீர் பெட்டி பால்கனியில்தான் இருக்குமாம்.

யோசித்துப் பார்த்தால் இந்தச் சரக்கே குளிரில் பிறந்ததுதான். பில்ஸ் லாகர் வகைப் பீர், அந்த லாகர் என்ற வார்த்தையே ஜெர்மனில் கிடங்கில் போட்டு வைப்பது என்ற பொருளில் வருகிறது. மற்ற ஈஸ்ட் எல்லாம் நம் இட்லி மாவு மாதிரி வெதுவெதுப்பில் பொங்கும். லாகர் ஈஸ்ட் எட்டு, பத்து டிகிரியில் மெதுவாக வேலை செய்து அடியில் போய்ப் படியும். அப்புறம் சைபருக்குப் பக்கத்தில் நாலு வாரம், ஆறு வாரம் என்று சும்மா கிடக்க வேண்டும். அந்தக் கிடப்பில்தான் பச்சை வாடையெல்லாம் போய்த் தெளிகிறது. பழைய காலத்தில் மலையைக் குடைந்து நிலவறை தோண்டி, குளிர்காலத்தில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டியை அடுக்கி வைப்பார்களாம். 1870களில் கார்ல் வான் லிண்டே குளிரூட்டும் இயந்திரம் செய்தபோது முதலில் ஓடி வந்து காசு கொடுத்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள்தான். இன்றைக்கு நம் வீட்டில் மீந்த சாம்பாரை வைக்கிற ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஜெர்மனியின் தெற்கு மாநிலமான பவேரியாவின் பீர் தாகம் இருக்கிறது.

சரி, ஊற்றிய கதைக்கு வருகிறேன். அங்கே பில்ஸுக்கென்றே தண்டு வைத்த, துலிப் பூ மாதிரி உயரமான கண்ணாடிக் கோப்பை உண்டு. எங்கள் வீட்டில் கண்ணாடி என்றால் கல்யாணத்தில் பரிசாக வந்த ஆறு பாயசக் கோப்பைதான். அதில் ஒன்றை எடுத்து மாப்பிள்ளை கொஞ்சம் ஊற்றிப் பார்த்தான். நுரை எழும்பியது, அப்படியே புஸ்ஸென்று அமுங்கிவிட்டது. "அத்தை, இதுல கடைசியா என்ன குடிச்சீங்க?" என்று கேட்டான். அம்மா பொங்கலுக்குப் பால் பாயசம் போட்டாள், நெய் மிதக்க மிதக்க. கழுவித்தான் வைத்திருந்தோம், ஆனால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம் இருந்தாலே நுரை நிற்காதாம். அந்த நுரையைத் தாங்குவது முளைகட்டிய பார்லியான மால்ட்டில் இருந்து வருகிற புரதமும் கசப்புக்காகச் சேர்க்கிற ஹாப்ஸில் இருந்து வருகிற கசப்புப் பொருளும் சேர்ந்த ஒரு வலை. எண்ணெய் பட்டால் வலை அறுந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் விட்டு, சோப்பைச் சுத்தமாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து வைத்து, கடைசியில் பச்சைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்து எடுத்தான். வீட்டில் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை சுத்தமாகக் கோப்பை கழுவவில்லை என்றாள் என் மனைவி.

ஜெர்மனியில் நல்ல பில்ஸ் ஊற்ற ஏழு நிமிடம் ஆகும் என்று ஒரு பழைய சொலவடை இருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏழு நிமிடம் வைத்தால் கேஸ் போய், சூடேறி, சப்பென்று ஆகிவிடும், மூன்று நிமிடம் போதும் என்பது அவன் கட்சி. கோப்பையைச் சாய்த்துப் பாதிவரை ஊற்றினான். நிறுத்தினான். நுரை எழுந்து கெட்டியாகும் வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி நடுவில் கொஞ்சம். மறுபடி நிறுத்தம். மூன்றாவது முறை ஊற்றியபோது நுரை விளிம்புக்கு மேலே ஒரு விரல்கடை எழுந்து, வழியாமல், அப்படியே மொட்டு மாதிரி நின்றது. அந்த நுரைக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் பூ. ஊற்றுகிறவனுக்குப் பொறுமை இல்லையென்றால் பூ பூக்காது.

எங்கள் உயரமும் இதில் ஒரு கை போட்டது. மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால்தான். பாட்டில் உப்பாது, ஆனால் மூடியைத் திறந்த கணத்தில் உள்ளே கரைந்திருக்கும் கேஸ் சமவெளியில் வருவதைவிட வேகமாக வெளியே வரப் பார்க்கும். கடல்மட்டத்துக் கைப்பழக்கத்தில் ஊற்றினால் இங்கே பாதிக் கோப்பை நுரைதான் இருக்கும். முதல் நாள் என் மேஜை நனைந்ததற்கு என் அவசரம் பாதிக் காரணம், மலை பாதிக் காரணம்.

நிறம் வைக்கோல் நிறம். வெளுத்த மஞ்சள், அதுவும் கண்ணாடி மாதிரித் தெளிவு, பின்னால் இருந்த நாற்பது வாட் பல்பு அதற்குள் தெரிந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் முதலில் வருவது ரொட்டி அடுமனை வாசம், லேசாகத் தேன். அதற்கு மேலே ஹாப்ஸ். அந்த வாசத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு விரலை முகர்ந்தால் வருகிற பச்சை வாசம், அதில் கொஞ்சம் பூ, கொஞ்சம் மிளகு. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூங்காய். பவேரியாவில் ஹாலர்டவ் என்ற பகுதி முழுக்க உயரமான கம்பிகளில் அதைத்தான் ஏற்றிவிட்டிருப்பார்கள். நம் ஊரில் மிளகுக்கொடி சில்வர் ஓக்கில் ஏறுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ருசி. முதல் நொடி இனிப்பு மாதிரி ஏதோ தட்டுகிறது, தட்டியவுடனே காணாமல் போகிறது. வாய் காய்ந்தாற்போல ஆகிறது. அதற்குப் பிறகுதான் கசப்பு வருகிறது, மெதுவாக, பின்னாலிருந்து. விழுங்கிய பிறகும் அது போகவில்லை. நேற்றைக்கு வேப்பங்கொழுந்து என்று திட்டினேனே, அதே கசப்புதான். ஆனால் அன்றைக்கு அது வேறு ஆளாக வந்து உட்கார்ந்தது.

என் அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவர். வரிசையாகக் கிண்ணம் வைத்து, கரண்டியில் எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சித் துப்புவார். சின்ன வயதில் நானும் கூட நிற்பேன். கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே என்று அடிக்கடி சொல்வார். துவர்ப்பு கன்னத்தைப் பிடித்து இழுக்கும், கசப்பு தொண்டையில் உட்காரும், தேயிலையில் துவர்ப்பு வேண்டும், கசப்பு வந்தால் எங்கேயோ கெடுத்திருக்கிறோம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இந்தக் கோப்பையைக் குடித்தால் ஒன்று பிடிபட்டது. நல்ல பில்ஸில் கசப்பு மட்டும்தான் இருக்கிறது, துவர்ப்பு இல்லை. கன்னத்தை இழுக்கவில்லை, நாக்கைச் சொரசொரப்பாக்கவில்லை. நெய்யில் பொரித்த சுண்டைக்காய் வற்றலைக் கடித்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டால் ஒரு சுத்தமான கசப்பு நிற்குமே, அந்த இனம். அறுசுவையில் கசப்புக்கும் ஒரு இடம் ஒதுக்கி, பாகற்காயிலிருந்து வேப்பம்பூ ரசம் வரை கொண்டாடிச் சாப்பிடுகிற நாம் பீர் என்று வந்தால் மட்டும் ஏன் கசக்கக் கூடாது என்று அடம்பிடிக்கிறோம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. இங்கே விற்கிற பீரில் கசப்பு பேருக்குத்தான் இருக்கிறது. எல்லாரும் அதைச் சில்லென்று ஆக்கி, ருசி தெரிவதற்கு முன் தொண்டைக்குள் தள்ளிவிடுகிறோம். போதைக்குக் கூலி கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த ஜெர்மன் பில்ஸில் ஆல்கஹால் ஐந்து சதவீதத்தைச் சுற்றித்தான். கசப்பை அளக்க ஒரு அலகு உண்டு, ஐபியு என்பார்கள், அதில் இது இருபத்திரண்டிலிருந்து நாற்பது வரை போகும். வடக்கே கடல் பக்கம் போகப் போகக் கசப்பு கூடும், தெற்கே பவேரியாவுக்கு இறங்க இறங்கக் கொஞ்சம் மென்மையாகும் என்றான் மாப்பிள்ளை.

படியில் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்ன பூர்வகதை இன்னும் சுவாரசியம். பில்ஸ்னர் என்பது முதலில் ஜெர்மன் சரக்கே இல்லை. பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், பில்சென் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பீர் அவ்வளவு மட்டமாக இருந்ததால் 1838ல் ஊர் மக்களே 36 பீப்பாயை நகரமன்றத்துக்கு முன்னால் தெருவில் கொட்டினார்களாம். அப்புறம் ஊர் சேர்ந்து ஒரு புது ஆலை கட்டி, பவேரியாவின் வில்ஸ்ஹோஃபெனிலிருந்து யோசெஃப் க்ரோல் என்ற ஆளைக் கூட்டி வந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் இறக்கியதுதான் முதல் பில்ஸ்னர். வெளுத்த மால்ட், அந்தப் பக்கத்து சாட்ஸ் ஹாப்ஸ், பவேரிய லாகர் ஈஸ்ட், அதோடு அந்த ஊரின் மிக மென்மையான தண்ணீர். அதுவரை கறுத்தும் கலங்கியும் இருந்த பீரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தங்க நிறம் அதிசயமாக இருந்திருக்கும்.

1842 என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மெட்ராஸ் கடற்கரையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸும் அதே வருடத்துக் கட்டிடம்தான். அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே அடுக்கினார்கள். அங்கே குளிரை வைத்துப் பீர் செய்துகொண்டிருந்தபோது இங்கே குளிரையே இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். அதற்கு நாலு வருடம் கழித்து, 1846ல், பாசல் மிஷன்காரர்கள் எங்கள் கேத்திக்கே வந்து சேர்ந்தார்கள், ஜெர்மன் பேசுகிற பாதிரிமார்கள். அவர்கள் வேதாகமத்தையும் பள்ளிக்கூடத்தையும் கொண்டுவந்தார்கள், பீப்பாயை இல்லை. மலையில் பீர் ஆலை வைத்தது வெள்ளைக்காரன்தான், பட்டாளத்துக்காக. 1915ல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் சின்னச் சின்ன ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் பிரூவரீஸ் ஆக்கியபோது அதில் நீலகிரியின் ஆலையும் உண்டு. ஆக எங்கள் மலைக்குப் பீர் புதிதில்லை, நாங்கள்தான் மறந்துபோனோம்.

பில்சென்காரர்களின் பீர் பேர் வாங்கியதும் ஜெர்மன்காரர்கள் சும்மா இருப்பார்களா. 1870களில் அவர்களும் ஆரம்பித்தார்கள். அவர்கள் தண்ணீர் வேறு, ஹாப்ஸ் வேறு, கைப்பக்குவம் வேறு, எனவே கிடைத்ததும் வேறு. செக் பில்ஸ்னர் கொஞ்சம் சதைப்பற்றானது, வட்டமானது. ஜெர்மன் பில்ஸ் ஒல்லி, வறண்டது, வெடுக்கென்று முடியும். பேர் விஷயத்தில் வழக்கு வந்தது. பில்சென் ஊர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பேரை நீ எப்படிப் போடலாம் என்று பிட்பர்கர் என்ற ஜெர்மன் ஆலைமேல் கேஸ் போட, 1913ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், பில்ஸ்னர் என்பது இனி ஊர்ப் பேர் இல்லை, ஒரு வகையின் பேர் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அதிலிருந்து யார் வேண்டுமானாலும் போடலாம்.

"அநியாயம்டா" என்றேன். எனக்கு உடனே வர்க்கி ஞாபகம். பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு எங்கேயோ செய்ததையெல்லாம் ஊட்டி வர்க்கி என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். 2023ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. பில்சென்காரன் தோற்ற கேஸில் ஊட்டிக்காரன் ஜெயித்திருக்கிறான். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தீர்ப்பு வரவில்லையென்றால் நீங்கள் குடிக்கிற இந்தக் கோப்பையே இருந்திருக்காது மாமா என்றான். அதுவும் சரிதான். கோப்பையைப் பார்த்தேன், ஒவ்வொரு மடக்குக்கும் நுரை ஒவ்வொரு வளையமாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மர வளையத்தை எண்ணுவது மாதிரி எண்ணலாம். ஒன்பது மடக்கு.

தொட்டுக்கொள்ள என்ன என்பது தனி ஆராய்ச்சி. மிளகாய் பஜ்ஜி அவுட். வர்க்கியை முயன்று பார்த்தேன், மொறுமொறுப்புக்குச் சரி, ஆனால் அது தேநீருக்குப் பிறந்தது, இங்கே வந்து முழித்தது. மசால் கடலை நாக்கை அடைத்தது. கடைசியில் ஜெயித்தது எங்கள் ஊர் உருளைக்கிழங்குதான். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் வாங்கின சின்னக் கிழங்கு, தோலோடு வேகவைத்து, வெண்ணெயில் புரட்டி, கல்லுப்பும் தட்டிய மிளகும். குக்கரில்தான் வேகவைக்க வேண்டும், இங்கே தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் வைத்தால் விடிந்துவிடும். இந்த உயரத்தில் பில்ஸ் காய்ச்ச வந்தால் க்ரோலும் திணறித்தான் போயிருப்பார், ஹாப்ஸின் கசப்பு இறங்குவதற்கு நல்ல கொதி வேண்டும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊற்றுத் தண்ணீரில் இருபது வருடமாகக் கெட்டில் வைக்கிறோம், அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியதே இல்லை.

மூன்றாவது பாட்டில் பச்சைக் கண்ணாடி. மற்ற மூன்றும் பழுப்பு. இதுதான் பார்க்க அழகாக இருக்கிறது என்று நான் ஜன்னல் திட்டில் எடுத்து வைத்தேன், ரெண்டு நாள். மாப்பிள்ளை திருப்பூருக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். மலை வெயில் பார்க்கத்தான் இதமாக இருக்கும், கீழே இருப்பதைவிடப் புற ஊதாக் கதிர் இங்கே அதிகம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருளாக மாறிவிடும். பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. திறந்தோம். ரப்பரும் பூண்டும் சேர்ந்து கருகின மாதிரி ஒரு வாடை. ஆலை மேல் குற்றமே இல்லை, முழுக்க என் அழகுணர்ச்சியின் குற்றம். ஆளுக்கு ரெண்டு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு ரோஜாச் செடிக்கு ஊற்றினோம். செடி ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது பாட்டிலை மாப்பிள்ளை கிளம்பின பிறகு திறந்தேன். மூடி கம்பி போட்டு இழுத்துத் திறக்கிற வகை, திறக்கும்போது 'ப்ளாப்' என்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கே கூடுதலாகக் காசு கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டேன். படகர், எழுபது வயது, பிராந்தி தவிர வேறு எதையும் தொடாதவர். வாளி, குழவி, கொதிதண்ணீரில் கழுவின கோப்பை, மூன்று நிமிடம் என்று எல்லாச் சடங்கையும் ஒன்று விடாமல் செய்தேன். நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் ரெண்டு முறை மணி பார்த்தார். குடித்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த அவரைக் குழம்பை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். மறுபடி குடித்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பள்ளத்தாக்கில் எதிர்ச்சரிவில் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏறவே மாட்டேங்குதே தம்பி" என்றார் கடைசியில்.

"ஏறாதுங்க."

"அப்ப சரி. இன்னும் கொஞ்சம் ஊத்து."

இனி பாட்டில் கணக்கு. நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குகிறார்கள், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்ப வரும். காட்டில் வீசிய கண்ணாடி யானையின் காலில் ஏறுகிறது என்று கோர்ட் கண்டித்ததால் வந்த ஏற்பாடு. ஜெர்மனியில் இது எப்போதிலிருந்தோ இருக்கிறதாம். சாதாரணப் பீர் பாட்டிலுக்கு எட்டு சென்ட், கம்பி மூடிப் பாட்டிலுக்குப் பதினைந்து. வாங்கும்போது கொடுத்த அந்தக் காசை நாலு பாட்டிலுக்கும் நாம் விட்டுவிட்டோமே என்று மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த ஊர்ப் பழக்கம் ரத்தத்தில் ஏறிவிட்டது. எங்கள் டாஸ்மாக்கில் கொடுத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு என் மனைவி பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

ரெண்டு பழுப்புப் பாட்டில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. பச்சைப் பாட்டிலில் என் பையன் மணிபிளாண்ட் வைத்திருக்கிறான். கம்பி மூடிப் பாட்டிலை அம்மா எடுத்துக்கொண்டாள், வெளிச்சம் புகாது, மூடி இறுக்கமாக இருக்கிறது, தைலம் ஊற்றிவைக்க இதைவிட என்ன வேண்டும் என்று. இப்போது அரை லிட்டர் நீலகிரித் தைலம் ஒரு ஜெர்மன் லேபிளோடு எங்கள் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. சளி பிடித்தால் எடுத்துத் தேய்க்கும்போதெல்லாம் 'ப்ளாப்' என்று சத்தம் கேட்கிறது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்க்கிறார்.